கண்ணுக்குச் செவ்வந்தி, வயிற்றுக்குத் திராட்சை

ஒரகடம் வட்டாரத்தில் பூவைச் சாமிக்கும் சாத்தாமல், தலையிலும் வைக்காமல், அடுப்பில் ஏற்றிய ஒரே மனிதன் என் அறைவாசி ‘பூ டீ’தான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். நான் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்த கம்பெனியில், கார் கதவுகளில் பெயின்ட் கீறல் தேடும் கான்ட்ராக்ட் வேலை. டியூப்லைட் அடியில் தேடித் தேடிக் கண் மங்கியது. கண்ணாடி போட்டால் வேலை நிரந்தரமாகாது என்று லைனில் ஒரு பேச்சு. அந்த நேரம் பார்த்து, மெஷின் மாட்ட வந்த சீன இன்ஜினீயர் உலர்ந்த வெள்ளைச் செவ்வந்தி ஒரு டப்பாவும், ஏதோ சிவப்புப் பழம் ஒரு பிடியும் டீ போடச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். செவ்வந்தி கண்ணுக்குக் குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சி வயிற்றைக் கெடுக்காமலிருக்கப் பழம். மனம் சோர்ந்தால் சூட்டுக்கு ரோஜா. பாடமெல்லாம் சைகையில்.

டப்பா தீர்ந்ததும் எங்களுக்குச் சனி பிடித்தது. பழத்துக்குப் பதில் உலர்திராட்சை போட்டான். செவ்வந்திக்கு? ஆயுத பூஜை வந்தது. மறுநாள், மெஷின்களுக்குப் போட்ட செவ்வந்தி மாலைகளைக் கழற்றி மூட்டையாகக் கொண்டுவந்துவிட்டான்.

“இன்னாபா, மெஷினு மாலைய கஷாயம் வச்சிகினு கீற?” என்றார் வீட்டுக்கார அம்மா.

“கழுவிட்டேன் யக்கா. ஒரு வாய் குடிங்க, ஊசில நூலு தானா ஏறும்.”

“ஏறும் ஏறும். மேல கிரீஸ் மெதக்குது பாரு!”

அவர் தப்பித்தார். நான் குடித்தேன். அன்றைய டைரியில் ‘வயிறு’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

“திராட்சை கொறஞ்சு போச்சு அண்ணாச்சி” என்றான் பூ டீ, வருத்தத்துடன்.

“பேசாம ஒரு கண்ணாடி வாங்கிப் போடுப்பா.”

“போட்டா தூக்கிருவாவ. பூ கைவிடாது.”

நிரந்தரமாக்கும் முன் கண் பரிசோதனை. இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனான். பலகையில் முதல் வரியைத் தாண்டவில்லை.

“ஏம்பா, ஒரு கண்ணாடி போட்டுகினு வந்திருந்தா பாஸ் போட்டிருப்பனே” என்றாராம் டாக்டர். அதற்குள் தேறியவர்களின் பெயர்கள் மேலிடத்துக்குப் போய்விட்டன. கான்ட்ராக்டும் முடிந்தது.

அன்று மாலை அடுப்பில் ரோஜா மட்டும் கொதித்தது. “கண்ணுக்கு இனி எதுக்கு அண்ணாச்சி?” என்றான். ஆளுக்கொரு டம்ளர் குடித்தோம்.

மறுநாள், அவனை ஊருக்கு ரயிலேற்ற, பெட்டியோடு சேரப்பணஞ்சேரி நிறுத்தத்தில் நின்றோம். தூரத்தில் ஒரு பஸ் வந்தது.

“போர்டு தெரியல. தாம்பரமா அண்ணாச்சி?”

தாம்பரம்தான். “இல்லப்பா” என்று சொல்லி, கை காட்டாமல் விட்டேன். அடுத்து வந்த பஸ்ஸுக்கும் அப்படியே சொன்னேன்.