சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்த தண்ணீர்

மைத்துனர் டில்லிபாபு அவர்களுக்கு, ஒரகடம் பக்கத்திலிருந்து கண்ணப்பன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா சந்திரம்மாளும் சௌக்கியம்; போர்வெல் மட்டும் சௌக்கியமில்லை. குன்றத்தூரில் உங்கள் வீட்டுக் குழாயில் தினமும் தண்ணீர் வர முருகன் அருள் புரியட்டும்.

சொட்டுநீர் போட்டால் பாதித் தண்ணீரில் முழு விளைச்சல் என்று நீங்கள் சொன்னதை நம்பி, தை மாதம் அரை ஏக்கர் கத்தரிக்குக் குழாய் இழுத்தேன் அல்லவா, முதல் வாரமே அணில் வந்து கடித்துப் பார்த்தது, பிடித்துப்போயிற்று போல, குடும்பத்தையே கூட்டிவந்தது. அதைச் சரிசெய்தால் உப்புப் படிந்து ஓட்டைகள் அடைத்துக்கொண்டன, உங்கள் அக்கா குண்டூசியும் கையுமாக வரிசை வரிசையாகக் குத்திக்கொண்டே போனாள், போகிற போக்கில் வாயால் உங்களையும் நாலு குத்து குத்தினாள். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், செடி பச்சென்று நின்றது, மோட்டார் ஓடும் நேரம் பாதியாகக் குறைந்தது, வேரைச் சுற்றி வைக்கோல் பரப்பியதில் வெயிலிலும் மண் ஈரமாக இருந்தது. பூமிக்கடியில் தண்ணீர் சேமித்து வைத்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன்.

பக்கத்து வயல் என் அண்ணன் மகன் பகலவனுடையது. அவன் என்னைவிட இரண்டு மடங்கு ஆழத்தில் போர் போட்டு, கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலுக்கு டேங்கர் லாரியில் தண்ணீர் விற்கிறான். “இன்னாடா இது?” என்று கேட்டேன்.

“நீ மிச்சம் புடிக்கிற தண்ணி உன் வயலு அடியிலயே குந்திக்கினு கீதா, சித்தப்பா? என் போருக்குத்தான் வருது. நீ மிச்சம் புடி, நான் விக்கிறேன்” என்றான்.

பங்குனியில் மோட்டார் போட்டால் காற்றும் சேறும்தான். எனக்குக் கோபம் தலைக்கேறிப் போய், ஹாஸ்டல் வாசல்ல அந்த லாரிக்கு முன்னாடியே நின்னுட்டேன். டிரைவர் இன்ஜினை அணைச்சிட்டு நிதானமா போன் பார்க்க ஆரம்பிச்சான். உள்ளே வாளியோடு வரிசையில் நின்ற ஒரு பெண் வந்தாள், பெயர் மாரிசெல்வி, விளாத்திகுளம் பக்கமாம்.

“பெரியப்பா, வழி விடுங்க. ஷிப்டுக்கு நேரமாச்சு, இன்னும் குளிக்கல.”

“நீ குளிக்கணும், என் பயிர் சாவணுமா?”

“எங்க ஊர்லயும் கெணறு வத்திப்போச்சு. எங்கப்பாவும் இப்படித்தான் லாரிக்கு முன்னால நின்னாக. அப்பயும் வத்தத்தான் செஞ்சுச்சு. அதான் நான் இங்க வந்துட்டேன்.”

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. “வா, வா, லெஃப்டு ஒடி” என்று அந்த லாரிக்கு நானே கைகாட்டி உள்ளே விட்டுவிட்டு வந்தேன் என்றால் பாருங்களேன்.

கத்தரி முக்கால்வாசி காய்ந்துவிட்டது. பாத்திரம் கழுவின தண்ணியை உங்க அக்கா கடைசி வரிசைக்கு ஊத்துறா. நான் முடிவு பண்ணிட்டேன். போரை மூடிட்டு நிலத்தைத் தரிசா விடப்போறேன். தயவுசெய்து இனிமே எனக்கு எந்த யோசனையும் சொல்லாதீங்க. பிள்ளைகளுக்கு என் ஆசி. ஆயுசும் ஈரமும் குறையாமல் எல்லோரும் இருங்கள்.

இப்படிக்கு,
கண்ணப்பன்

பி.கு.: கடிதத்தைப் படித்த உங்கள் அக்கா நேராக வயலுக்குப் போனாள். பின்னாலேயே போய்ப் பார்த்தால் கொத்தவரை விதை ஊன்றிக்கொண்டிருக்கிறாள். “காலைல கொஞ்ச நேரம் தண்ணி ஊறுது, இதுக்கு அது போதும். போரை மூடினா தெரியும் சேதி” என்கிறாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வரும்போது அணில் கடிக்காத குழாய் ஏதாவது இருந்தால் வாங்கி வரவும்.