தலைவரை மஞ்சளாக்கிய கம்பளி

என் அப்பாவின் பதவியைப் பறித்தவள் நான்தான். இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுவே முதல் தடவை. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவர் பதினொரு வருடம் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவராக இருந்தார். தோட்டத்து துரையிடம் பேசி எத்தனையோ பேருக்கு வேலையை மீட்டுக் கொடுத்தவர். அப்படிப்பட்டவரை நான் ஒரே பகலில், அதுவும் அன்பினால், கவிழ்த்தேன்.

எங்கள் தோட்டத்தில் அப்போது இரண்டு சங்கங்கள். எங்களுடையது சிவப்பு, மற்றது மஞ்சள். எங்கள் சங்கத்தின் பெரிய தலைவர் இரண்டு மாதத்தில் கொழும்பிலிருந்து வருவதாகவும், அடுத்த தோட்டத் தலைவர் யாரென்று அன்றைக்கே சொல்லிவிடுவார் என்றும் செய்தி வந்தது. எங்கள் சங்கத்திலேயே இருந்த மேல் டிவிஷன் செல்வம் அந்தப் பதவியில் கண் வைத்திருந்தார். அப்பா இரண்டு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த நான், போனைப் பார்த்துக் கம்பளி பின்னப் பழகியிருந்தேன். பொன்னாடைக்குப் பதிலாகச் சிவப்புக் கோடு போட்ட கம்பளியைத் தலைவருக்குப் போர்த்தினால், அப்பாவை யார் அசைக்க முடியும்? (எனக்கு அப்போது பத்தொன்பது வயது. உலகத்தில் எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது.)

பதுளை நூல் கடை முஸ்லிம் நானா கையை விரித்தார்.

“சேப்பு நூல் முடிஞ்சி மகள். வெள்ள மட்டுந்தான் ஈக்கிது.”

வெள்ளையையே வாங்கி வந்து, கோடுகளுக்கு நானே சாயம் ஏற்றினேன். நீலக் கோட்டுக்குச் சட்டைக்குப் போடும் நீலம், பழுப்புக் கோட்டுக்குத் தேயிலைச் சாயம். சிவப்புக்குத்தான் என் மூளை அபாரமாக வேலை செய்தது. மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆலாத்தித் தட்டுத் தண்ணீர் சிவக்கும் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அம்மாவின் வெற்றிலைச் சுண்ணாம்பு மொத்தத்தையும் கரைத்து, மஞ்சள் ஏற்றிய நூலை அதில் முக்கினேன். நூல் குங்குமமாகச் சிவந்து வந்தது. ஆலாத்தித் தண்ணீரைச் சுற்றியதும் முச்சந்தியில் ஊற்றிவிடுகிறோம். அப்புறம் அதன் நிறம் என்ன ஆனது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை.

ஒரு மாதம் இருந்து பின்னி முடித்தேன். கூட்டம் கோயிலுக்கு முன்னால் நடந்தது. அப்பா கம்பளியை விரித்துத் தலைவரின் தோளில் போர்த்தியபோது கைதட்டல் அடங்கவே இல்லை. செல்வத்தின் முகம் சுருங்கியதை நான் கண்ணாரப் பார்த்தேன். அந்த நிமிடத்தோடு நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

தலைவர் கோப்பையை வாங்கும்போது கொஞ்சம் தேநீர் வெள்ளைக் கோட்டில் சிந்தியது. தேநீர்க் கறைக்கு எங்கள் வீட்டில் எலுமிச்சங்காய்தான் மருந்து. சர்பத் மேசையில் கிடந்த அரைக் காயைப் பிடுங்கிக்கொண்டு மேடைக்கு ஓடினேன். கறையில் தேய்த்தேன். சாறு பக்கத்துச் சிவப்புக் கோட்டில் பட்டது. புளிப்பில் சுண்ணாம்பு முறிந்து, பட்ட இடம் பளிச்சென்று மஞ்சளானது.

பதற்றத்தில் மஞ்சளை அழிக்க இன்னும் தேய்த்தேன். மஞ்சள் இன்னும் பரவியது. (எலுமிச்சையால் வந்த வினையை எலுமிச்சையாலேயே தீர்க்கப் பார்த்த புத்திசாலி நான் ஒருத்திதான்.) தலைவரின் இடது தோள் முழுவதும் எதிர்ச் சங்கத்துக்குப் போய்விட்டது.

“என்னாம்மா பண்ற?” என்றார் தலைவர்.

“இந்தா முடிஞ்சிருச்சுங்க ஐயா,” என்றேன். உண்மையில் எல்லாமே முடிந்திருந்தது.

“பாத்தீங்களா! தலைவரையே சங்கம் மாத்திப்புட்டா!” என்று கூட்டத்திலிருந்து செல்வம் கத்தினார்.

“விடு புள்ள, விடு,” என்று அப்பா என் கையைப் பிடித்தார். தலைவர் தோளைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

“ராமையா, ஒங்க வீட்லயே செவப்பு நிக்க மாட்டேங்குதே!”

கூட்டம் சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கூட்டம் கலையும் முன்பே செல்வம் தோட்டத் தலைவராகிவிட்டார்.

பெரிய தலைவர் நாற்காலியில் விட்டுப்போன கம்பளியை அப்பா மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். லயத்துக்கு இறங்கும் வழியெல்லாம் நான் அழுதேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாதி வழியில் அவர் கேட்டது ஒன்றுதான்.

“இம்புட்டும் பின்ன ஒனக்குக் கை வலிச்சிருக்குமே?”

மறுநாள் மஞ்சள் சங்கத்தார் பழத்தட்டோடு வந்து அப்பாவைத் தங்கள் பக்கம் கூப்பிட்டார்கள். அப்பா தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்தக் கம்பளியைத்தான் அவர் இன்றைக்கும் போர்த்துகிறார். நாலைந்து தடவை துவைத்து அலசியதில் சுண்ணாம்பு போய், மிச்சமிருந்த சிவப்பும் மஞ்சளாகிவிட்டது. “அந்தச் செவப்புக் கம்பளிய எடு” என்றுதான் பேத்தியிடமும் கேட்பார். அதை மஞ்சள் என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வராது. எனக்குச் சுத்தமாக வராது.

போன மாதம், நாங்கள் இப்போது இருக்கும் ஹாலிஎலயில், என் மகளின் பாலர் பாடசாலை டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். வாழைப்பழத்தைக் காட்டினாலும் சூரியகாந்தியைக் காட்டினாலும் பிள்ளை சிவப்பு என்கிறாளாம்.

“வீட்டுல யாருக்காவது கண்ணுல கோளாறு இருக்குங்களா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“இல்லீங்க டீச்சர்,” என்றேன். “அவ தாத்தா சங்கத்துல இருந்தாரு.”