மயிலின் நாற்பத்தொரு துணிப்பைகள்

ஒரு காட்டில், வேட்டைக்குப் போவதைவிடப் போனைத் தடவிக்கொண்டு படுத்திருப்பதே சுகம் என்று கண்டுகொண்ட சிங்கராஜா ஒருவர் இருந்தார். ஒருநாள் போனில் எதையோ பார்த்துவிட்டுத் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தார். பூமி சூடாகிக்கொண்டே போகிறதாம். அவருக்கும் இரண்டு நாளாகப் பிடரியெல்லாம் வியர்த்துக்கொண்டுதான் இருந்தது. அதனால் உடனே நம்பிவிட்டார்.

"இனிமேல் எல்லாரும் பசுமையாக வாழ வேண்டும். பார்க்க அழகாகவும் வாழ வேண்டும்" என்று ஆணை போட்டார்.

ஒரு பிராணியும் அசையவில்லை. பரிசு சொன்னால்தான் வேலை நடக்கும் என்று ராஜாவுக்குத் தெரியாதா?

"யார் வீடு ரொம்பப் பசுமையோ, அவர்களுக்கு மேட்டுக் குகை!"

மேட்டுக் குகை என்றால் லேசில்லை. எத்தனை மழை கொட்டினாலும் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. அதைக் கேட்டதும் சொர்ணம் என்கிற பெருச்சாளிக்கு மீசை துடித்தது. அதற்கு ஆறு குட்டிகள். வளை இருந்ததோ ஆற்றங்கரையில். போன ஐப்பசியில் வளைக்குள் தண்ணீர் புகுந்தபோது, குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் ஒரு மரவேரில் வைத்துவிட்டு, மழை விடும்வரை எண்ணிக்கொண்டே இருந்தது. ஒருதரம் ஆறு வரும். மறுதரம் ஐந்து வரும். மறுபடி எண்ணினால் ஆறு வரும். இந்த ஐப்பசிக்கு இன்னும் இருபது நாள்தான் பாக்கி.

"பசுமைதானே? நம்ம வீட்டுல இல்லாத பசுமையா?" என்று, குழம்பை இறக்கிவைத்த கையோடு கடைக்குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பியது. அவசரத்தில் தோளில் கரித்துணி கிடந்ததைக் கவனிக்கவில்லை.

புங்கமரத்தடியில் விண்ணப்பம் வாங்கினார்கள். வாங்கியது ஆமை. வரிசை எந்த வேகத்தில் நகர்ந்திருக்கும் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே கடைக்குட்டிக்கு ஒரு பல் முளைத்துவிட்டது.

"இந்த வருஷம் வாங்கின பசுமைப் பொருள் எத்தனை?" என்றது ஆமை.

"ஒண்ணும் வாங்கலைங்க சார்."

"மூங்கில் பாட்டில்? தேங்காய்ச் சிரட்டைக் கரண்டி? துணிப்பை?"

"வாங்கலைங்களே."

"அப்புறம் எதை வச்சும்மா இந்த வரிசையில நின்னே?"

சொர்ணம் குட்டியை இடுப்பு மாற்றிக்கொண்டது. "சார், எங்கிட்ட ஒரு சேலை இருந்துச்சு. அது கிழிஞ்சதும் பெரியவளுக்குப் பாவாடை தைச்சேன். அவ வளர்ந்ததும் அடுத்தவனுக்குத் தூளி கட்டினேன். தூளி நைஞ்சதும் இவனுக்கு அடித்துணி. அப்புறம் தரை துடைச்சேன். மிச்சத்தைத் திரிச்சு விளக்கு ஏத்தினேன். கடைசியில இருந்த சாம்பலை வச்சுப் பாத்திரம் தேய்ச்சேன்."

"சரி, அந்தச் சேலை எங்கே?"

"அதான் தேய்ச்சாச்சே சார்."

"ஆதாரம் வேணுமே."

"பாத்திரம் பளபளன்னு இருக்கு, எடுத்துட்டு வரட்டுங்களா?"

ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தது. பிறகு வெளியே வந்து சொன்னது: "அட்டை வேணும்மா, அட்டை. பொருள்ல 'இது பசுமை'ன்னு அட்டை தொங்கணும். ஒரு அட்டைக்கு ஒரு மார்க். பிளாஸ்டிக் ஏதாவது வச்சிருக்கியா?"

"குட்டிங்களோட மழைக்கோட்டு மட்டுங்க. மயிலண்ணன் கடைக்குப் பின்னாடி கவருங்க மலையா கிடந்துச்சு. பொறுக்கித் தைச்சேன்."

"ரெண்டு மார்க் போச்சு."

"இல்லாத மார்க்குல எப்படிங்க சார் ரெண்டு போகும்?"

"மைனஸ் ரெண்டு. அடுத்த ஆள்!"

சொர்ணம் நேரே மயிலின் கடைக்கு நடந்தது. காட்டிலேயே பசுமையான கடை அதுதான். மயிலும் போட்டியில் இருந்தது. தன் சொந்த உபயோகத்துக்கு மட்டும் நாற்பத்தொரு துணிப்பை வாங்கி வைத்திருந்தது. 'பிளாஸ்டிக் வேண்டாம்' என்று எழுதிய ஒவ்வொரு பையும் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் வந்திருந்தது.

மயிலுக்கு ஒரு பழக்கம் உண்டு. துணியைத்தான் பார்க்கும். அதைப் போட்டிருப்பது யார் என்று பார்க்காது. சொர்ணம் வாயைத் திறப்பதற்குள் அதன் தோளிலிருந்து கரித்துணியை உருவி வெளிச்சத்தில் பிடித்தது.

"அம்மாடி! இந்தப் பழுப்பு! ஓரத்துல மட்டும் இந்தக் கறுப்பு! என்ன சாயம் இது?"

"புளிக்குழம்புண்ணே. ஓரத்துல அடிப்பிடிச்சிருச்சு."

"கைவேலையா?"

"கை தவறிச் செஞ்ச வேலைண்ணே."

"இதே மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா?"

"நாளைக்கும் குழம்புதான் வைக்கணும்."

மயில் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கண்ணாடி முன்னால் மூன்று தடவை திரும்பியது. "உனக்கு என்ன வேணும், கேளு."

"ஒரே ஒரு அட்டை, அண்ணே."

'முழுக்க இயற்கை. வீட்டுத் தயாரிப்பு' என்று அச்சடித்த அட்டையை மயில் கொடுத்தது. அதைக் கட்டுவதற்கு வாங்கின பொருள் எதுவும் சொர்ணத்திடம் இல்லை. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கடைக்குட்டியின் கழுத்தில் கட்டி, மறுபடி ஆமையிடம் போய் நின்றது. ஆமை குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எழுதியிருப்பதில் தவறு எதுவும் இல்லாததால் ஒரு மார்க் போட்டது.

முடிவு வந்தது. மயிலுக்கு நூற்றேழு. சொர்ணத்துக்கு மைனஸ் ஒன்று. சிங்கராஜா மயிலின் கழுத்துத் துணியை மோந்து பார்த்து, "சாயத்தில் புளிக்குழம்பு வாசனைகூட வைத்திருக்கிறானே! என்ன நுணுக்கம்!" என்று உருகினார். மேட்டுக் குகை மயிலுக்கே.

அந்த நிமிஷமே வானம் உறுமியது. ஐப்பசி மழை பத்துநாள் முன்னதாகவே வந்துவிட்டது.

மயில் ஓடி ஓடிப் பைகளைக் குகைக்குள் போட்டது. பைக்கு மேல் பை, அதற்கு மேல் பாட்டில், அதற்கு மேல் கரண்டி. கடைசியில் மயிலின் தோகைக்கு இடமில்லை. அதற்கென்ன, மயில் எப்போதும் மரத்தில்தான் தூங்கும். ஆனால் சாமான்களை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

அப்போது சொர்ணம் மேடேறி வந்தது. பின்னாலேயே மழைக்கோட்டு போட்ட ஐந்து, இடுப்பில் ஒன்று. ஆற்றங்கரை வளையில் அதற்குள் முழங்கால் தண்ணீர்.

"என்னண்ணே, முகம் வாடிக் கிடக்கு?"

"அத்தனையும் நல்ல பருத்தி. இந்தக் காட்டுல பெருச்சாளித் தொல்லை ஜாஸ்தி. யாரைக் காவல் வைக்கிறதுன்னு தெரியலை."

சொர்ணம் ஒரு கணம் குட்டிகளைப் பார்த்தது. ஆறு. சரியாக இருந்தது.

"பெருச்சாளியைப் பத்தி எனக்குத் தெரியாததாண்ணே? எந்த வழியா வரும், எந்த நேரத்துல வரும், எல்லாம் அத்துப்படி. வெளியிலேருந்து ஒண்ணுகூட உள்ள வராது. நான் பொறுப்பு."

"உள்ளேயேதான் இருப்பியா?"

"உள்ளே இருந்தாத்தானே அண்ணே வர்றது தெரியும்?"

மயில் மழைக்கோட்டுகளைப் பார்த்து, "தையல் நேர்த்தியா இருக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டு மரத்துக்குப் பறந்தது.

அந்த மழைக்காலம் முழுக்க ஆறு குட்டிகளும் ஆளுக்கொரு பையில் சுருண்டு தூங்கின. சொட்டு ஈரம் இல்லை. மிச்சம் முப்பத்தைந்து பை இருந்தது. குட்டிகளுக்கோ பல் முளைக்கிற வயது. ஊறுகிற பல்லைக் கட்டியா போட முடியும்?

கார்த்திகைக் கடைசியில் மழை விட்டதும் மயில் வந்தது. ஒரு பையை எடுத்து விரித்தது. ஓட்டை. அடுத்ததை விரித்தது. சல்லடை. சொர்ணம் குட்டிகளை ஒன்றாகக் கூட்டித் தன் பின்னால் நிறுத்திக்கொண்டது. இன்றைக்கு வெளியே போ என்றால், ஆற்றங்கரையில் வளை இருந்த இடமே இல்லை.

மயில் பையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தது. ஓட்டைகள் வழியாக வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழுந்தது.

"யாரு செஞ்சது?"

சொர்ணம் முந்திக்கொண்டது. "மெஷினே கிடையாதுண்ணே. அத்தனையும் பல்லாலேயே..."

மயிலுக்குத் தோகை தானாக விரிந்தது. "நாற்பத்தொண்ணும் ஒண்ணுமாதிரி இன்னொண்ணு இல்லை! பங்குனிக்குள்ள எனக்கு இன்னும் நூறு வேணும்!"

"குகையில இருந்தாத்தாண்ணே வேலை சுத்தமா வரும்."

"பின்னே? வேற எங்கே போறதா இருந்தே?"

மறுநாள் கடையில் பைகள் தொங்கின. அட்டையில் 'காற்றோட்டப் பை, பல்வேலைப்பாடு' என்று போட்டிருந்தது. சிங்கராஜாவே முதல் ஆளாக வந்து ஒன்றை வாங்கி, போனை அதில் போட்டுக்கொண்டு கம்பீரமாக நடந்தார். போன் எந்த ஓட்டை வழியாக எங்கே விழுந்ததோ, இன்றுவரை கிடைக்கவில்லை. காட்டில் அதற்குப் பிறகு எந்த ஆணையும் வரவும் இல்லை.

நீதி: பூமியைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள் தயங்காமல் நாற்பது, ஐம்பது பைகள் வாங்கி அடுக்குங்கள். பை வாங்காதவர்களின் பிள்ளைகள் படுத்துத் தூங்க மெத்தென்று ஏதாவது வேண்டாமா?