வாழைக்குலை மண்டி சென்சார்

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நாகர்கோவில் மாடி அறையில் இருந்தவர்கள் நாலு பேர்: பள்ளிக்கூட வாத்தியார் தாமஸ், ஜவுளிக்கடை மாதவன், காலேஜில் படித்துக்கொண்டிருந்த செல்லையா, ஓர் ஆபீசில் குமாஸ்தாவான நான். இல்லாதவர் பக்கத்து அறைச் சென்சார். அந்த நேரம் இருந்திருந்தால் என் அம்மை அவரை மாடியிலிருந்து கீழே தள்ளியிருப்பாள்.

யுத்தம் முடிந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளாத மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் மாடியில் குடியிருந்தார். பட்டாளத்தில் மூன்று வருஷம் ஒரு கூடாரத்தில் உட்கார்ந்து, சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதும் கடிதங்களைப் பிரித்துப் பார்த்தவர். ஊர், தேதி, எண்ணிக்கை, கப்பல் என்று எது கண்ணில் பட்டாலும் கத்திரியால் வெட்டி எடுப்பது வேலை. ஊர் திரும்பி வடசேரியில் ஒரு வாழைக்குலை மண்டியில் கணக்கெழுத உட்கார்ந்தார். கத்திரியும் கூடவே வந்துவிட்டது.

ஒரு கட்டுக் கார்ட்டூன்களும் வந்தன. சிப்பாய்களுக்குப் புத்தி சொல்லப் பட்டாளத்தில் அச்சடித்தவை. அவற்றை மாடி முழுக்க ஒட்டி வைத்திருந்தார். ஒன்றில் தொப்பைச் சிப்பாய் ஒருவன், "நாளை கப்பல் ஏறுகிறோம்" என்று மனைவிக்கு எழுதுகிறான். அடுத்த கட்டத்தில் கப்பல் கடலடியில் கிடக்க, ஒரு மீன் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு அதே கடிதத்தைப் படிக்கிறது. இன்னொன்றில் அவனே, "இங்கே மாம்பழம் பிரமாதம்" என்று எழுதுகிறான். மரத்தின் மேல் எதிரி ஒற்றன் மாம்பழம் தின்றபடி தேசப்படத்தில் புள்ளி வைக்கிறான். குளிக்கும் அறைக் கதவில் ஒரு தபால் உறை. அதிலிருந்து முறம் போல ஒரு காது. அதன் முன்னால் பாட்டுப் பாட எங்களில் யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

தபாலாபீஸ் மண்டிக்குப் போகும் வழியில் இருந்ததால் எங்கள் கடிதங்களை அவரே கொண்டுபோய்ப் போடுவார். அதற்குக் கூலி, கத்திரிக்கு இரை. தாமஸ் தன் அம்மாவுக்கு, "இங்கே நல்ல மழை" என்று எழுதினால் மழை போய்விடும். மாதவனுடைய சலவைச் சீட்டைக்கூட விடவில்லை. "வேட்டி நாலு" என்பதில் நாலு காணாமல் போயிற்று.

"உடுப்புக் கணக்கு தெரிஞ்சா ஆள் கணக்கு தெரிஞ்சு போவும்லா?" என்றார். சலவையிலிருந்து திரும்பி வந்தது இரண்டு வேட்டி.

மாதவன் கொதித்துப் போனான். "யுத்தம் முடிஞ்சு வருஷம் எத்தன ஆச்சு அண்ணாச்சி?"

"நமக்கு முடிஞ்சாச்சு மக்கா. அவனுக்கு முடிஞ்சாச்சுன்னு எதிரி உனக்குக் கடுதாசி போட்டானா?"

"போட்டிருந்தாலும் நீங்க வெட்டியிருப்பியளே!" என்றான் செல்லையா.

இந்த நிலையில்தான் எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. என் அப்பா இரணியலுக்குப் பக்கத்தில் பனையேறுகிறவர். எங்கள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். பெண் குளச்சல், கயிறு வியாபாரி மகள். ஒரு கல்யாணப் பந்தியில் ஒரே ஒரு தடவை பார்த்தேன். அதற்குப் பிறகு வேறு பெண்ணைப் பற்றி யார் பேசினாலும் காதில் ஏறவில்லை.

அப்பாவுக்கு எழுதினேன்: "நான் ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் மூன்று சிநேகிதர்களுடன் பெண் பார்க்கக் குளச்சல் போகிறேன். நீங்களும் அம்மையும் அங்கே வந்துவிடுங்கள். பயப்பட வேண்டாம்." உறையை நன்றாக ஒட்டித்தான் சென்சாரிடம் கொடுத்தேன். அதுதான் பிசகு. ஒட்டிய உறையைக் கண்டால் அவருக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். மண்டியில் டீக் கெட்டிலின் ஆவியில் காட்டிப் பிரித்துவிட்டார்.

அப்பா கைக்குப் போய்ச் சேர்ந்தது இவ்வளவுதான்: "நான்" - ஓர் ஓட்டை - "சிநேகிதர்களுடன்" - பெரிய ஓட்டை - "போகிறேன்." இன்னும் பெரிய ஓட்டை. "பயப்பட வேண்டாம்."

எங்கள் ஊரில் கடிதம் படித்துச் சொல்பவர் பலசரக்குக் கடைக்காரர். அவர் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாராம். "ஓட்டக் கடுதாசின்னா பட்டாளக் கடுதாசில்லா! பய சேந்துட்டான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். யுத்த காலத்தில் அப்படிப்பட்ட கடிதங்கள் எத்தனையோ படித்தவர். அவரைக் குறை சொல்ல முடியாது. அம்மை போட்ட கூப்பாட்டை மீன் விற்க வந்த பெண் கேட்டு, கூடையோடு சேர்த்துக் குளச்சலுக்குக் கொண்டுபோனாள்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பாவும் அம்மையும் மாடியேறி வந்தார்கள். அம்மை நேராக என் தலைமுடியைப் பிடித்தாள். "முடிய இன்னும் வெட்டல்ல! பிள்ள தப்பிச்சான்!"

"லே மக்கா, எப்ப வண்டி ஏத்துதாவ?" என்றார் அப்பா.

விஷயத்தை விளக்கியதும் அம்மை கத்திரிக்காரன் எங்கே என்று கேட்டாள். அப்பா மட்டும் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "குளச்சல்ல வேற மாப்பிள வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிட்டாவ. இண்ணைக்கு நாலு மணிக்கு வெத்தில மாத்துதாவளாம்."

அந்த நேரம் சென்சார் சீட்டியடித்துக்கொண்டு படியேறினார். அம்மை எழுந்தாள். அப்பா அவளைத் தடுத்துவிட்டு அவரிடம் சொன்னார்: "பெண்ணுக்க அப்பனுக்கு ஒரு தம்பி உண்டும். பட்டாளத்துக்குப் போனவன். ஏழு கடுதாசி வந்திச்சு, எல்லாம் ஓட்ட. ஆளு வரல்ல. இனி ஒரு ஓட்டக் கடுதாசி எனக்க வீட்டுக்கு வரப்பிடாதுன்னு சொல்லுதாரு."

சென்சார் வாதாடவில்லை. "ஏழா?" என்று மட்டும் கேட்டார். செருப்பைக்கூடப் போடாமல் இறங்கித் தபாலாபீசுக்கு ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம். குளச்சலுக்கு அடுத்த பஸ் மூன்று மணிக்கு. போய்ச் சேர நாலரை. தந்தி ஒன்றுதான் வழி.

கவுண்டர் குமாஸ்தா வார்த்தைகளை எண்ணிப் பார்த்து மலைத்தார். "நாப்பத்தாறு வார்த்த! கொஞ்சம் வெட்டலாமே?"

"ஒரு எழுத்து வெட்டப்பிடாது கேட்டியளா!"

என் பெயர், ஆபீஸ், சம்பளம், உயரம், பஸ் புறப்படும் நேரம், சேரும் நேரம், வரும் ஆட்களின் எண்ணிக்கை, எல்லாம் அதில் இருந்தன. "பையன் பட்டாளத்தில் இல்லை. கடிதத்தை வெட்டியது நான். தண்டனை எனக்குத் தரவும். சென்சார்" என்று முடித்திருந்தார்.

நாலரைக்குக் குளச்சலில் இறங்கினோம். கயிறு வியாபாரி ரோட்டிலேயே நின்றார், கையில் தந்தியோடு. மற்ற மாப்பிள்ளை வீட்டாரைக் காபி கொடுத்து உட்கார வைத்திருந்தாராம். "இதுல சென்சார் யாரு?"

சென்சார் முன்னால் போய் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். "தம்பியப் பற்றி நான் அறியேன். எத்தனையோ பேருக்க கடுதாசி வெட்டியிருக்கேன். ஊரும் தேதியும்தான் வெட்டினது. வீட்டுல எல்லாரும் சுகமான்னு கேட்டிருந்தா, அத ஒருநாளும் வெட்டினதில்ல."

கயிறு வியாபாரி தந்தியை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார். "ஏழுலயும் கேட்டிருந்தான்" என்றார் பிறகு. "உள்ள வாரும்."

காபி குடித்தவர்களை அவர் என்ன சொல்லி அனுப்பினார் என்று இன்றுவரை நாங்கள் கேட்கவில்லை. வெற்றிலை எங்களோடுதான் மாற்றினார்.

தந்திக்கு மூன்று ரூபாய் இரண்டணா. முழுவதும் தன் குற்றம், தானே கட்டுவேன் என்று சென்சார் பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் மல்லுக்கு நின்றார். நாங்கள் விடவில்லை. மாடியில் இருப்பது ஐந்து பேர் என்று சொல்லிப் பங்கு போட்டோம்: அவரையும் சேர்த்து, ஆளுக்குப் பத்தணா.