கறுப்பு மை குறைகிறது, மாமா

மரியாதைக்குரிய மாமாவுக்கு, உங்கள் தங்கை மகள் எழுதுவது. அங்கே நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் சுகம்தான், போலீஸ் வரும்வரை.

நீங்கள் சொல்லிச் சேர்த்துவிட்ட இடத்தில் திருட்டு நடக்கிறது. வெயில் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் பெட்டி செய்கிறார்கள் அல்லவா, அதற்குள் வைக்கும் மெல்லிய தாளில் கறுப்பு மை தெளிப்பதுதான் எங்கள் அறையின் வேலை. மையில் இரிடியம் என்ற உலோகத்தின் தூள் இருக்கிறது. தங்கம் மாதிரி விலை, தங்கத்தைவிட அரிதாம். அதைத் தராசில் வைக்கும்போது நான் மூச்சுகூட விடக் கூடாது. "எண் ஆடுதும்மா, தள்ளி நில்லு" என்கிறார் பொறியாளர் அக்கா. என் மூச்சையே சந்தேகப்படுகிறவரை நான் சந்தேகப்படக் கூடாதா?

நான் வந்த புதிதில் தாள் அடுப்புக்கரி போல இருந்தது. போகப் போகச் சாம்பல் நிறம், இப்போது கொசுவலை போல வெளிச்சமே தெரிகிறது. மீந்த மையை நான் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். அக்கா அதைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார். கை துடைத்த காகிதத்தைக்கூடக் குப்பையில் போட விடுவதில்லை, அதற்கும் ஒரு பூட்டு. ஒருநாள் முதலாளி வந்து, "இன்னும் குறைக்க முடியுமா?" என்றார். "பாதியாக்கிடலாம் சார், பெட்டிக்கு வித்தியாசமே தெரியாது" என்றார் அக்கா. என் முன்னாலேயே! நான் பேசாத பெண் என்பதால் காதும் கேட்காது என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

குறைவு வெளியே தெரிந்தால் பழி யார் தலையில் விழும்? தாளைத் தொடுகிறவள் நான். உங்கள் வாக்கை நம்பி வேலை கொடுத்தவர்கள் உங்களையும் சும்மா விடுவார்களா? வாயைத் திறந்து கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் அக்கா தாளை எடை பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனதும், மீந்த மை முழுவதையும் அதே தாள்மீது தெளித்து, யாரும் நிறத்தைப் பார்க்கும்முன் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறேன். இருக்க வேண்டியது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும். பாட்டிலில் ஊற்றுவது தெளிப்பானைக் கழுவிய தண்ணீர். அதுவும் கறுப்புதான். அதைப் போய்ப் பூட்டி வைக்கிறார், பாவம்.

இன்று சோதனை அறையில் ஒரே கைதட்டல். "கால்வாசி இரிடியம்தான், ஆனா ஹைட்ரஜன் கொஞ்சமும் குறையலை!" என்று அக்கா குதிக்கிறார். "ஏய் ஊமைக்கோட்டான், நீ மட்டும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" என்று என்னிடம் கேள்வி வேறு. திருடிவிட்டுக் கைதட்டுகிறவர்களை நான் எங்கும் பார்த்ததில்லை. உடனே வந்து என்னைக் கூட்டிப் போங்கள். அத்தைக்கு என் வணக்கம், குட்டிப் பயல்களுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் மானத்தைக் காப்பாற்றி வரும்
மருமகள்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இந்த உலோகம் உலகத்துலேயே கொஞ்சம்தாம்மா இருக்கு. குறைச்சாத்தான் இந்தப் பெட்டி எல்லாருக்கும் கட்டுப்படியாகும். அதுக்குத்தான் இத்தனை வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டோம். இன்னைக்கு ஜெயிச்சாச்சு. உன் கையும் அதுல இருக்கு" என்றார். இருக்கிறது மாமா, அவர் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. முதலாளி இனிப்புப் பெட்டியோடு வந்துகொண்டிருக்கிறாராம். அவர் படியேறுவதற்குள் நான் வாயைத் திறந்தாக வேண்டும். கூட்டிப் போக நீங்கள் வர வேண்டாம். அவர்களே அனுப்பிவிடுவார்கள்.