ஓரெழுத்து முதலாளி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் இங்கே சுகம். வெளியூர்ப் பயிற்சி வகுப்பும் விடுதிச் சாப்பாடும் உங்கள் உடம்புக்கு ஒத்துப்போயிருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கூரியரில் கடிதம் என்று யோசிப்பீர்கள். போன் உங்கள் கம்பெனியுடையது. போன வாரம் முழங்கால் வலிக்கிறது என்று ஒரே ஒரு தடவை முனகினேன், அன்று முதல் ஊன்றுகோல் வேண்டுமா, சக்கர நாற்காலி வேண்டுமா என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. இன்னும் இரண்டு தடவை முனகினால் சவப்பெட்டிக்குத் தள்ளுபடி காட்டும். ஆகவே கடிதம். பதறாமல் உட்கார்ந்து படியுங்கள். உங்கள் கம்பெனி இப்போது என்னுடையது.

எப்படி என்று கேட்பீர்கள். முப்பத்துநாலு வருஷம் நான் புரூஃப் பார்த்த பத்திரிகையை உங்கள் கம்பெனி வாங்கியது, என் நாற்காலியில் ஒரு மென்பொருளை உட்காரவைத்தது, எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இப்போது அந்தப் பத்திரிகையைப் படிக்கவும் உங்கள் செயலியைப் போட்டாக வேண்டுமாம். போட்டேன். விதிமுறைகள் தொண்ணூற்றிரண்டு பக்கம், அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான். ஊர் உலகமே படிக்காமல் அமுக்குகிறது. நான் என் வாழ்நாளில் படிக்காமல் ஒப்புக்கொண்டது கல்யாணம் ஒன்றுதான். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். நாற்பதாம் பக்கத்தின் கடைசியில் தொடங்கி நாற்பத்தோராம் பக்கத்தில் முடியும் வரியில் கிடைத்தது: 'நிறுவனத்தின் கட்டடங்கள், கருவிகள், நற்பெயர் ஆகியன பயனரின் உடமை ஆகும்.' உடமை என்று எழுதுவதே பிழை. ஐகாரம் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால் அது உடைமை, கம்பெனி எனக்குச் சொந்தம். முதலெழுத்து மாறிவிட்டது என்று வைத்துக்கொண்டால் அது கடமை, அதையெல்லாம் காப்பாற்றுவது என் பொறுப்பு, நான் கம்பெனிக்குச் சேவகன். இரண்டுக்கும் நடுவே ஓரெழுத்து. நான் எதை எடுத்துக்கொண்டிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் அத்தைக்கு மட்டும் புரியவில்லை. "அந்த ஆப்பு என் போன்லயும்தான் இருக்கு, பக்கத்து வீட்டுக்காரி போன்லயும் இருக்கு. அப்ப எல்லாரும் முதலாளியா?" என்றாள். நீங்களெல்லாம் படிக்காமல் அமுக்கியவர்கள், உரிமை படித்தவனுக்குத்தான் என்றேன். "சரி, முதலாளி போய்ப் பால் வாங்கிட்டு வரட்டும்" என்றாள்.

மாப்பிள்ளை, பெரும் பணக்காரர்களைப் பற்றி உங்களிடம் நான் இதுவரை பேசியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காலையில் எழுப்புவது இவர்கள், செய்தி சொல்வது இவர்கள், செய்தி நிஜமா என்று கேட்டால் நிஜம்தான் என்று சொல்வதும் இவர்களே, இது அநியாயம் என்று நான் கத்தியது உண்மைதான். அப்போது 'இவர்கள்' என்பது வேறு யாரோ. அந்த வரியைக் கண்ட செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணியிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன், எல்லாம் ஒரே கையில் இருப்பதில் ஒரு வசதி இருக்கத்தான் செய்கிறது. பணக்காரன் தூங்குவதில்லை என்பதும் மெய். பால் வாங்கப் போன வழியில் எல்லோரும் என் கம்பெனி போனையே பார்த்துக்கொண்டு போவதைக் கண்டதும் எனக்கே இவர்களுக்கு இன்னும் எதை விற்கலாம் என்று தோன்றியது.

புதன்கிழமை என் கட்டடத்தைப் பார்வையிடப் போனேன். கண்ணாடிக் கதவு திறக்கவில்லை. காவலாளி பேட்ஜ் கேட்டார். நான்தான் ஓனர் என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க சார், மிஷின்ல பேரைச் சொல்லுங்க" என்று சலிப்போடு கை காட்டினார். மிஷின், வந்திருப்பது யார் என்று இனிய குரலில் கேட்டது. முதலாளி என்று தெளிவாகத்தான் சொன்னேன். சர்ரென்று ஒரு அட்டையைத் துப்பியது, 'விருந்தினர்: திரு. முதலை.' என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது இதன் அண்ணனோ தம்பியோதான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏழாவது மாடி வரைக்கும் போனேன், போகிற வழியெல்லாம் வணக்கம் மிஸ்டர் முதலை என்று லிஃப்ட்டும் சொல்லிற்று. அங்கே நம் பத்திரிகையின் நிருபர் ஒருவர் நான் சொன்னதை முழுக்க எழுதிக்கொண்டு படமும் எடுத்தார். வியாழக்கிழமைப் பேப்பரில் என் படம், கீழே: 'இது என் கம்பெனி என்று நெகிழ்ந்த வாடிக்கையாளர்.' கோபம் வந்தது. படம் நன்றாக இருந்ததால் மூன்று பிரதி வாங்கினேன்.

அப்புறம்தான் உங்கள் சட்டப்பிரிவு அதிகாரி போன் செய்தார். "ஐயா, அது வெறும் எழுத்துப்பிழை. திருத்தம் போட்ட பொண்ணு யாருன்னு கண்டுபிடிச்சாச்சு. உங்க மருமகன் கையெழுத்துப் போட்டா திங்கட்கிழமையோட வீட்டுக்கு அனுப்பிடுவோம். நீங்க இதோட விட்டுடுங்க" என்றார். உங்கள் பிரிவில் மூலையில் உட்காரும் அந்தக் கண்ணாடி போட்ட பெண்தானாம். அவள் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது என்று என் மகள் சொன்னாள். இருக்கட்டும். முப்பத்துநாலு வருஷத்தில் ஓரெழுத்தைத் தப்பவிட்டவன் இல்லை நான். ஒரு கம்பெனியையே தூக்கிக் கொடுக்கிற அளவுக்குக் கவனக்குறைவு என்றால் அதற்கு மன்னிப்பு கிடையாது. முதலாளி என்ற முறையில் சொல்கிறேன், கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

உங்களுக்கும் என் மகளுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசிகள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார் (மற்றும் உரிமையாளர்)

பி.கு.: மாப்பிள்ளை, கையெழுத்துப் போட வேண்டாம். கூரியர்காரர் வாசலில் நிற்கிறார், அவசரமாக எழுதுகிறேன். கடிதத்தை வாங்கிப் படித்த உங்கள் அத்தை சமையலறைக்குப் போய், டம்ளர்களை நகர்த்தி, அலமாரித் தட்டில் விரித்திருந்த தாளை உருவிக்கொண்டு வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சும்மா ஒரு பார்வை பாருங்க மாமா என்று நீங்கள் என்னிடம் கொடுத்து, வேலை முடிந்ததும் பழைய தாளாகத் திருப்பித் தந்தீர்களே, அந்தக் கட்டில் ஒரு தாள். டிவி பார்த்துக்கொண்டே பார்த்தேன், விதிமுறையா விளம்பரமா என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை. நாற்பத்தோராம் பக்கம் 'கடமை ஆகும்' என்று சரியாகத்தான் தொடங்குகிறது. எந்தத் தாளைத் தொட்டாலும் அதன் தலையில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் நான் ஆரம்பிப்பேன். சிவப்பு மையில் போட்ட அந்த 'உ', நேராகக் 'க'வின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலேயே அந்தப் பெண் பென்சிலில், 'உடமையா? சரிதானா ஐயா?' என்று கேட்டிருக்கிறாள். அதன் கீழே, தாள் மறுபடி என்னிடம் வந்தபோது என் கையெழுத்தில், 'திருத்தியபடியே போடவும்.' எனக்கு வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. அந்தத் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன், சட்டப்பிரிவுக்குக் காட்டுங்கள். கம்பெனியை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று உங்கள் தலைவரிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் பெண்ணின் வேலையை அவர் அவளிடமே விட்டுவைக்கட்டும்.