அப்பன் போனால் ஒண்ணாம் நம்பர்

எருமப்பட்டி,
ஆவணி, 1987

ஓமலூரில் சீரோடு இருக்கும் மச்சான் செங்கோட்டையன் அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி பாவாயியைக் கட்டிய ராசப்பன் எழுதுவது. இங்கே ஆள், மாடு, கன்று எல்லாம் சுகம். எனக்கு மட்டும் தலை கிறுகிறுக்கிறது.

நம் தெய்வநாயகியைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை ராசிபுரத்து வெங்கடாசலம் குடும்பத்தோடு வந்துபோனார். பையன் குழந்தைவேலுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். பணிவான பையன்தான். வந்த பெரியவர்கள் பங்காளிகளோடு கிணறு பார்க்கப் போன நேரத்தில் நான் சும்மா இருக்காமல், "அங்க என்ன வேலைங்க மாப்பிள்ளை?" என்று கேட்டுத் தொலைத்தேன். "கம்ப்யூட்டருக்குள்ள ஒரு வேலை இன்னொரு வேலையைப் பெத்துப் போடுமுங்க மாமா. பெத்தது அப்பன், பொறந்தது பிள்ளை. அப்பன் செத்தா பிள்ளை என்னாகுதுன்னு பாக்கறதுதான் என் சோலி" என்றான். உங்கள் தங்கச்சி கேசரிக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். "என்னாகுமுங்க?" என்றேன். "பொழச்சுக்குமுங்க. எல்லாத்துக்கும் மொதல்ல பொறந்த ஒண்ணாம் நம்பர் தத்து எடுத்துக்கும்" என்கிறான். பங்காளிகள் இத்தனை பேர் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எவன் மச்சான் இந்த ஒண்ணாம் நம்பர்?

அதோடு விட்டானா? கம்ப்யூட்டருக்குப் போகிற லைன் அறுந்துபோனால் பிள்ளைக்கும் சாகச் சொல்லிச் சிக்னல் போகுமாம், முன்கூட்டியே அதன் காதை அடைத்துவிட்டால் தப்பிக்குமாம். பிள்ளை முந்திக்கொண்டு செத்தால் அப்பனுக்குச் சிக்னல் வருமாம், அதை அப்பன் கண்டுக்காமல் இருந்தால் செத்த பிள்ளை பேயாட்டம் அங்கேயே நிற்குமாம். "பேயை அடிச்சுத் தொரத்தறதுதானுங்க?" என்றேன், வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிகிறதா. "செத்ததை எப்படிங்க மாமா மறுக்காக் கொல்றது? அப்பனைக் கொன்னாத்தான் அது போகும்" என்று என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் கேசரி கேட்டான். மச்சான், பொண்ணைக் கொடுக்கப்போகிற அப்பன் நானல்லவா? உங்கள் தங்கச்சி அன்றிலிருந்து கஞ்சி சரியாகக் குடிப்பதில்லை. தெய்வநாயகியோ கதவுக்குப் பின்னாலிருந்து சிரித்தவள்தான், இன்னும் நிறுத்தவில்லை. "எனக்கு அவரைத்தானுங்கப்பா புடிச்சிருக்குது" என்கிறாள். பயமாக இருக்கிறது மச்சான். ஒரே பொண்ணு. தாய்மாமன் நீங்கள் வேண்டாம் என்றால் அவள் மறுபேச்சுப் பேச மாட்டாள். உடனே புறப்பட்டு வந்து, பொருத்தம் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அத்தைக்கு எங்கள் கும்பிடு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். நம் குலசாமி எல்லாரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
ராசப்பன்

பின்குறிப்பு: கடுதாசியை ஒட்டப்போகும்போது வெங்கடாசலம் தனியாக வந்து நின்றார். "பையன் என்ன சோலி பாக்கறான்னு எங்ககிட்ட வாயே தொறக்க மாட்டானுங்க. உங்ககிட்ட மட்டும் உக்காந்து சொன்னானாமா. எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க சம்பந்தி" என்றார். மனுசன் கண்ணில் தண்ணீர். நான் என்ன செய்வேன், எல்லாம் தெரிந்தவனாட்டம் முழுசும் சொன்னேன். கேட்டு முடித்து, "இவ்வளவு பெரிய பொறுப்புங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அங்கேயே உப்புச் சக்கரை மாற்றி நிச்சயம் பண்ணிக்கொண்டோம். வேண்டாம் என்று சொல்ல வந்துவிடாதீர்கள் மச்சான், மாமன் சீரோடு வாருங்கள்.